பழைய கண்ணாடிக் குடிலில் செடி வாங்கும்போது

புதுப்பிக்கப்பட்ட பழைய கண்ணாடிப் பசுமைக்குடிலுக்குள் நுழைந்ததும், பூத்திருக்கும் தொட்டியை நோக்கித்தான் கை நீளும். அந்த ஆவலைச் சற்றே அடக்கி, முதல் கால் மணி நேரத்தை எதையும் எடுக்காமல் சுற்றிவரவே ஒதுக்குங்கள். ஒரு செடிக்கு என்ன தேவை என்பதை அதன் பெயர் அட்டையைக் காட்டிலும் அது நின்றிருந்த இடமே தெளிவாகச் சொல்லிவிடும்.

கூரை ஒன்றுதான் என்றாலும் குடிலுக்குள் நிலவும் தட்பவெப்பம் ஒன்றல்ல. வாசலருகே வெளிக்காற்று வந்துபோவதால் ஈரம் நிலைப்பதில்லை; சூடான காற்று மேலே எழும்புவதால் உயரத்தில் தொங்கும் தொட்டிகள் கூடுதல் வெப்பத்தில் இருக்கும்; செங்கல் நடைபாதையில் தண்ணீர் தெளித்து வைத்திருக்கும் பகுதியிலோ, அந்த நீர் ஆவியாக ஆவியாகக் காற்றின் ஈரப்பதம் உயர்ந்து நிற்கும். கூரைக் கண்ணாடியில் வெள்ளைப் பூச்சு பூசியிருந்தாலோ நிழல்வலை கட்டியிருந்தாலோ, அதன் கீழுள்ளவை மட்டான வெளிச்சத்தில் வளர்ந்தவை என்று கொள்ளுங்கள். வாங்கிய அன்றே அவற்றை மொட்டை மாடி வெயிலில் வைத்தால் இலைகள் வெந்து வெளுத்துவிடும். ஈர நடைபாதையோரம் செழித்திருந்த பெரணி ஒன்றை நான் வாங்கிவந்து மின்விசிறிக்கு நேர்க்கீழே வைத்தேன். பத்தே நாளில் அதன் இலை நுனிகள் பழுப்பேறிச் சுருண்டு, தொட்டால் நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்டன. குடிலில் அது நின்ற இடத்தை நினைவில் வைத்திருந்தால் அந்தப் பெரணி பிழைத்திருக்கும்.

கட்டடத்தையும் நின்று பாருங்கள். லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் 1863இல் திறக்கப்பட்ட மிதவெப்பக் கண்ணாடி மாளிகையைச் சீரமைக்க ஏறக்குறைய 5 ஆண்டுகள் பிடித்தன. சுமார் 15,000 கண்ணாடிகளை மாற்றிய பிறகே 2018இல் அது மீண்டும் திறக்கப்பட்டது. செடி வாங்குபவருக்கோ, தான் நிற்கும் குடிலில் முக்கியமானது முகட்டுச் சாளரம், அதாவது கூரை உச்சியில் சூடான காற்று வெளியேறத் திறக்கும் சன்னல். அது அழகுக்காக மட்டும் நிற்கிறதா, அன்றாடம் திறந்து மூடப்படுகிறதா என்று கவனியுங்கள். காற்று வெளியேற வழியில்லாத குடிலில் இலைகளின் மேல் ஈரம் தங்கி, பூஞ்சை நோய்கள் எளிதில் பரவும்.

பிறகு செடிக்கு வாருங்கள். இலையைத் திருப்பி அடிப்புறத்தைப் பாருங்கள்: மெல்லிய நூலாம்படையும் ஊசி குத்தினாற்போன்ற வெளிர்ப்புள்ளிகளும் சிலந்திப்பேனின் அடையாளம், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் பஞ்சுத் துணுக்குபோல் ஒட்டியிருப்பது மாவுப்பூச்சி. தொட்டியைத் தூக்கி அடித்துளையையும் பாருங்கள். ஒன்றிரண்டு வேர்கள் எட்டிப் பார்ப்பதில் தவறில்லை. வேர்கள் தடித்துப் பின்னிக்கொண்டு துளையையே அடைத்திருந்தால், அச்செடி அந்தத் தொட்டியில் நெடுநாள் நெருக்கப்பட்டிருக்கிறது. முழுவதும் மலர்ந்து நிற்பதைவிட, மொட்டுகளும் புதுத் தளிரும் உள்ள செடியையே நான் தேர்ந்தெடுப்பேன்.

பணியாளரிடம் கேட்க வேண்டியவை இரண்டுதான்: இந்தச் செடி இங்கேயே வளர்ந்ததா, அண்மையில் வந்து இறங்கியதா? கடைசியாக எப்போது உரமிட்டீர்கள்? நேற்று வந்திறங்கிய செடியென்றால், அது நிற்கும் இடத்தை வைத்து அதன் இயல்பைக் கணிக்க முடியாது.

வீட்டுக்கு வந்ததும் புதுச்செடியை மற்றவற்றோடு சேர்க்காமல் 2 முதல் 3 வாரங்கள் தனியே வையுங்கள்; கண்ணுக்குத் தப்பிய பூச்சி இருந்தால் அதற்குள் வெளிப்பட்டுவிடும். வெயில் விரும்பும் செடியானாலும், முதலில் காலை வெயிலில் ஒரு மணி நேரம் மட்டும் வைத்து, நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டுங்கள். உடனே தொட்டி மாற்ற வேண்டாம். முதல் வாரத்தில் ஓரிரு அடியிலைகள் மஞ்சளாகி உதிர்வது இடமாற்றத்தின் விளைவாகவே பெரும்பாலும் இருக்கும் என்பதால், பதறித் தண்ணீரை அதிகமாக ஊற்றாமல், விரலை ஒரு அங்குலம் மண்ணுக்குள் விட்டு, அங்கே காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.