மேக் வாங்கிய கையோடு செய்யும் தவறுகள்

எங்கள் அலுவலகத்தில் பக்க வடிவமைப்புக்குப் புதிதாகச் சேர்ந்த தம்பி போன வாரம் தன் ஆப்பிள் மேக் கணினியைத் திறந்து காட்டினான். வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. மேலே மெனு பாரில் பதினோரு ஐகான்கள், பாதிக்குமேல் சந்தா ஆப்கள். "மேக் வாங்கினா இதெல்லாம் முதல்ல போடணும்னு எல்லாரும் சொல்றாங்கண்ணா" என்றான். 2014-ல் எனக்கும் இதையேதான் சொன்னார்கள். நானும் நம்பினேன். பேக்கப் எடுங்கள், திருட்டு சாஃப்ட்வேர் போடாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

மெமரி கிளீனர் வாங்குவது

இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. அப்போது நான் வாங்கியது 4 ஜிபி மேக்புக் ஏர். அதில் ரேம், அதாவது ஆப்கள் ஓடும்போது பயன்படுத்தும் தற்காலிக மெமரி, போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டது, பின்னால் கூட்ட வழியே இல்லை. வேகம் குறைந்தபோது, மெமரியைக் காலி செய்து தருவதாகச் சொல்லும் ஒரு கிளீனர் ஆப்புக்குச் சந்தா கட்டினேன், மூன்று வருடம் விடாமல். ஒருமுறை விழா மலர் ஒன்றை மறுநாள் காலை அச்சுக்கு அனுப்ப வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த ஆப்பின் பட்டனை அழுத்துவேன். சிவப்பு எண் பச்சையாகும். பக்கத்துக்குத் திரும்பினால், காத்திரு என்று சொல்லும் வண்ணச் சக்கரம் சுற்றும். விடிய விடிய இதேதான்.

காரணம் பிறகுதான் புரிந்தது. சும்மா கிடக்கும் ரேமில், சமீபத்தில் படித்த கோப்புகளை மேக் வைத்துக்கொள்கிறது. ஏதாவது ஒரு ஆப் இடம் கேட்டால் உடனே விட்டுக்கொடுத்துவிடும். 2013-ல் வந்த மேவரிக்ஸ் என்ற மேக் இயங்குதளப் பதிப்பிலிருந்து, பயன்படாத பகுதிகளைச் சுருக்கியும் வைக்கிறது. இந்த மாதிரி கிளீனர்கள் பொதுவாகச் செய்வது என்ன? தானே ஏகப்பட்ட மெமரியைக் கேட்டு வாங்கும். மேக் வேறு வழியில்லாமல் சேர்த்து வைத்ததைத் தூக்கிப் போடும், மற்ற ஆப்களின் தகவலை டிஸ்க்குக்குத் தள்ளும். கிளீனர் அப்புறம் தன் பிடியை விட்டதும், பயன்பாட்டில் உள்ள மெமரி என்று காட்டும் எண் இறங்கும். நீங்கள் வேலைக்குத் திரும்பும்போது எல்லாவற்றையும் மறுபடி டிஸ்க்கிலிருந்து படிக்க வேண்டும். வேகத்துக்காகக் கட்டிய காசு வேகத்தையே கெடுக்கிறது.

கிளீனர்கள் டிஸ்க்கில் "14 ஜிபி குப்பை" என்று காட்டுவதும் இதே கதைதான். பெரும்பகுதி கேஷ் (cache), அதாவது வேகத்துக்காக ஆப்கள் சேர்த்து வைக்கும் தற்காலிகக் கோப்புகள், அழித்தால் திரும்ப உருவாகும்.

பார்க்க வேண்டியது, மேக்கிலேயே இருக்கும் ஆக்டிவிட்டி மானிட்டர் ஆப்பில் மெமரி பிரஷர் வரைபடம். பச்சையாக இருந்தால், எவ்வளவு ரேம் காலி என்ற எண்ணைப் பற்றிக் கவலையே வேண்டாம். அடிக்கடி மஞ்சள், சிவப்பு வந்தால் உங்கள் வேலைக்கு ரேம் போதவில்லை என்று பொருள். 2020-ல் வந்த எம்1 சிப் முதல், ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ள எந்த மேக்கிலும் ரேமைப் பின்னால் கூட்ட முடியாது. கிளீனருக்குக் கட்டும் காசை வாங்கும்போதே ரேமில் போடுங்கள்.

தமிழ்த் தட்டச்சுக்குக் காசு கொடுப்பது

தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு தட்டச்சு முறைகளும் மேக்கிலேயே இருக்கின்றன.

பிடிஎஃப் இணைக்கச் சந்தா கட்டுவது

மேக்கோடு வரும் பிரிவியூ ஆப்பில் பக்கங்களை இழுத்துப் போட்டால் போதும். கையெழுத்தும் அதிலேயே போடலாம்.

திரையைப் பதிவு செய்ய ஆப் தேடுவது

கமாண்ட், ஷிஃப்ட், 5 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். 2018-லிருந்து இருக்கிறது.

அழகைப் பார்த்துச் சந்தா கட்டுவது

2016-ல் ஆப்பிள் எல்லா வகை ஆப்களுக்கும் சந்தா முறையைத் திறந்துவிட்டது. அதன்பின் ஒருமுறை காசு கொடுத்து வாங்கிய சின்னச் சின்னக் கருவிகள்கூட மாத வாடகைக்கு வந்துவிட்டன. ஒரு குறிப்பேடு, ஒரு வேலைப் பட்டியல், அதற்கும் வாடகை! நல்ல கருவி செய்தவருக்குக் காசு கொடுப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை, எழுத்துருக்களை நிர்வகிக்கும் ஆப்புக்கு இன்றும் கொடுக்கிறேன். ஆனால் ஐகானும் அசைவும் அழகாக இருப்பது மட்டும் வாங்கக் காரணமாகாது. மேக்கிலேயே இருக்கும் கருவியை ஒரு மாதம் பயன்படுத்துங்கள். எது குறைகிறது என்று தெரிந்தபின் வாங்குங்கள்.

ஆப்பை அழித்தால் முடிந்தது என்று நினைப்பது

ஆப் ஸ்டோரில் எடுத்த சந்தா, ஆப்பை அழித்தாலும் ஓடிக்கொண்டிருக்கும். இலவசச் சோதனை என்றால், முடிவதற்கு 24 மணி நேரம் முன்பாவது ரத்து செய்ய வேண்டும்.

கோப்புகளும் அப்படித்தான். தம்பியின் மேக்கில் கிளீனரை டிராஷில் போட்ட பிறகும், லைப்ரரிக்குள் லான்ச்டீமன்ஸ் (LaunchDaemons) ஃபோல்டரில் அதன் இரண்டு கோப்புகள் உட்கார்ந்திருந்தன. ஒவ்வொரு முறை மேக்கைத் தொடங்கும்போதும் அவை ஓடியிருக்கின்றன. இரண்டையும் அழித்து, மறுபடி தொடங்கி, மெமரி பிரஷரைத் திறந்தோம். பச்சை. அவன் எல்லா ஆப்களையும் திறந்து பார்த்தான். அப்போதும் பச்சைதான்.