மெயில் ஸ்பேம்ல விழுதா? வார்த்தையை மாத்துறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

சப்ஜெக்ட்ல 'இலவசம்'னு போட்டதாலதான் மெயில் ஸ்பேமுக்கு போச்சுன்னு நினைச்சு வார்த்தையை மாத்தி மாத்தி அனுப்பிட்டு இருக்கவங்க நிறைய பேர். வார்த்தைக்கு அவ்வளவு வெயிட் கிடையாதுங்க. ஜிமெயிலும் யாஹூவும் முக்கியமா பாக்குறது ரெண்டு விஷயம்தான், மெயில் நிஜமாவே உங்க டொமைன்ல (அட்ரஸ்ல @-க்கு அப்புறம் வர்ற பேர்) இருந்துதான் வருதா, வாங்குறவங்க அதை விரும்பிப் படிக்கிறாங்களா.

முதல் விஷயத்துக்கு டிஎன்எஸ்ல, அதாவது உங்க டொமைனோட விவரமெல்லாம் பதிவாகி இருக்குற இடத்துல, மூணு ரெக்கார்டு வேணும். எஸ்பிஎஃப் (SPF), உங்க டொமைன் பேர்ல எந்தெந்த சர்வர் மெயில் அனுப்பலாம்னு சொல்ற லிஸ்ட். டிகிம் (DKIM), ஒவ்வொரு மெயில்லயும் போடுற டிஜிட்டல் கையெழுத்து, கீ 2048 பிட்டா இருந்தா நல்லது. டிமார்க் (DMARC), இந்த ரெண்டும் ஃபெயில் ஆனா அந்த மெயிலை என்ன பண்ணணும்னு வாங்குற சர்வருக்கு நீங்க சொல்றது.

எஸ்பிஎஃப்லதான் அதிகமா சொதப்பும். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் ரெக்கார்டுதான் இருக்கணும், புதுசா ஒரு நியூஸ்லெட்டர் சர்வீஸ் சேர்க்கும்போது ரெண்டாவதா தனி ரெக்கார்டு போட்டீங்கன்னா மொத்தமே செல்லாது, பழைய ரெக்கார்டுக்குள்ளயே 'இன்க்ளூட்' பண்ணணும். அதுலயும் டிஎன்எஸ் லுக்கப், அதாவது ரெக்கார்டை செக் பண்ண டிஎன்எஸ்ல தேடிப் பாக்குற தடவை, 10-க்கு மேல போனா எரர்தான், அதனால இப்ப யூஸ் பண்ணாத சர்வீஸை எல்லாம் தூக்கிடுங்க.

எஸ்பிஎஃப் பாஸ் ஆகியும் டிமார்க் ஃபெயில் ஆகுதேன்னு குழம்பிப் போய் கேக்குறவங்களுக்கு இது. எஸ்பிஎஃப் செக் பண்றது படிக்கிறவருக்குத் தெரியுற ஃப்ரம் அட்ரஸை இல்ல, பின்னாடி மறைஞ்சிருக்குற ரிட்டர்ன்-பாத் (டெலிவரி ஆகாத மெயில் திரும்பி வர்ற அட்ரஸ்) டொமைனை. அது உங்க நியூஸ்லெட்டர் கம்பெனியோட டொமைனா இருந்தா எஸ்பிஎஃப் பாஸ் ஆகும், ஆனா உங்க ஃப்ரம் டொமைனோட மேட்ச் ஆகாது. டிமார்க் பாஸ் ஆகணும்னா எஸ்பிஎஃப், டிகிம் ரெண்டுல ஒண்ணாவது பாஸ் ஆகி, ஃப்ரம் டொமைனோட மேட்ச்சும் ஆகணும். என்னைக் கேட்டா டிகிமைத்தான் நம்பணும், ஏன்னா யாராவது மெயிலை ஃபார்வர்ட் பண்ணா எஸ்பிஎஃப் பெரும்பாலும் உடைஞ்சிடும், நடுவுல யாரும் மெயிலை மாத்தாத வரைக்கும் டிகிம் நிக்கும்.

எல்லாம் சரியான்னு பாக்க உங்க ஜிமெயிலுக்கே ஒண்ணு அனுப்பி, மெனுல 'ஷோ ஒரிஜினல்' கிளிக் பண்ணுங்க, மூணும் பாஸ்னு வரணும். டிமார்க்கை எடுத்த உடனே 'ரிஜெக்ட்'ல (ஃபெயில் ஆன மெயிலை ஏத்துக்காதே) வைக்காதீங்க. முதல்ல 'நன்'ல (none, எதுவும் பண்ணாதே) வச்சு ரிப்போர்ட் வர்ற மாதிரி ஒரு அட்ரஸ் குடுங்க, உங்க பேர்ல யார் யார் அனுப்புறாங்கன்னு அதுலதான் தெரியும், எங்கயோ மறந்துபோன ஒரு இன்வாய்ஸ் சாஃப்ட்வேர்கூட அதுல மாட்டும். அதையெல்லாம் சரி பண்ணிட்டு 'குவாரன்டைன்' (ஸ்பேம்ல போடு), அப்புறம் 'ரிஜெக்ட்'.

இதெல்லாம் இப்ப ஆப்ஷனல் இல்ல. 2024 பிப்ரவரில இருந்து ஜிமெயிலுக்கு ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல அனுப்புறவங்களுக்கு மூணுமே கட்டாயம், யாஹூவும் அப்பவே மொத்தமா அனுப்புறவங்களுக்கு இதே மாதிரி ரூல் கொண்டு வந்துச்சு. புரமோஷன் மெயில்ல ஒரே கிளிக்ல அன்சப்ஸ்க்ரைப் ஆகணும், கேட்ட 2 நாளுக்குள்ள லிஸ்ட்ல இருந்து எடுத்துடணும். தயவுசெஞ்சு அந்த லிங்கை ஒளிச்சு வைக்காதீங்க, போக நினைக்கிறவருக்கு வழி தெரியலன்னா ஸ்பேம் பட்டனைத்தான் அழுத்துவாரு, அது உங்களுக்கு பல மடங்கு நஷ்டம்.

அந்த ஸ்பேம் கம்ப்ளைன்ட் 0.1%க்கு கீழ இருக்கணும், 0.3%ஐ தொடவே கூடாதுன்னு கூகுள் சொல்லுது. ஆயிரம் பேர்ல மூணு பேர் அழுத்தினாலே லிமிட்டுக்கு வந்துட்டீங்க. கூகுள் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ்ல டொமைனை வெரிஃபை பண்ணா இந்த ரேட் ஃப்ரீயா பாக்கலாம். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, இன்பாக்ஸுக்கு போன மெயிலை வச்சுத்தான் இந்தக் கணக்கு, ஏற்கனவே பாதி மெயில் ஸ்பேம் ஃபோல்டர்ல விழுந்துட்டு இருந்தா ரேட் கம்மியாதான் காட்டும், அதைப் பாத்து நிம்மதி ஆகிடாதீங்க.

கம்ப்ளைன்ட் வர்றது பெரும்பாலும் லிஸ்ட்டாலதான். காசு குடுத்து லிஸ்ட் வாங்கவே வாங்காதீங்க, அதுல ஸ்பேம் ட்ராப் இருக்கும், அதாவது ஸ்பேமரைப் பிடிக்கறதுக்குன்னே வச்சிருக்குற அட்ரஸ். புதுசா சேர்றவங்களுக்கு கன்ஃபர்ம் லிங்க் அனுப்பி அதை கிளிக் பண்ணவங்களை மட்டும் சேர்த்துக்கோங்க, லிஸ்ட் சின்னதாகும், பரவால்ல. 550 மாதிரி எரர் கோடோட ஹார்ட் பவுன்ஸ் (மெயில் போய்ச் சேராம திரும்பி வர்றது) வந்து அப்படி ஒரு அட்ரஸே இல்லன்னு சொன்னா அன்னிக்கே தூக்கிடணும். 4-ல ஆரம்பிக்கிற கோடு தற்காலிகம்தான், கொஞ்ச நேரம் விட்டு திரும்ப ட்ரை பண்ணலாம்.

ஓடிபி, பில் மாதிரி முக்கியமான மெயிலை ஒரு சப்டொமைன்லயும் (டொமைனுக்கு முன்னாடி இன்னொரு பேர் சேர்த்தது) புரமோஷனை இன்னொரு சப்டொமைன்லயும் அனுப்புங்க. புது டொமைன்னா முதல் நாளே மொத்த லிஸ்ட்டுக்கும் அடிக்காம, வழக்கமா திறந்து படிக்கிறவங்க கொஞ்ச பேர்ல ஆரம்பிச்சு மெதுவா கூட்டுங்க.

உள்ளடக்கம்னு பாத்தா ஒரே பெரிய இமேஜா அனுப்பாதீங்க, லிங்க் ஷார்ட்னர் வேணாம், 102 கேபிக்கு மேல போனா ஜிமெயில் வாலை வெட்டிடும், அதோட கீழ இருக்குற அன்சப்ஸ்க்ரைப் லிங்கும் மறைஞ்சு போகும்.

ஏற்கனவே ஸ்பேம்ல சிக்கிட்டீங்கன்னா மொத்தமா அனுப்புறதை முதல்ல நிறுத்துங்க. ஸ்பேம்ஹாஸ் மாதிரி பிளாக்லிஸ்ட்ல (ஸ்பேம் அனுப்புறவங்களோட பட்டியல்) உங்க ஐபியோ டொமைனோ இருக்கான்னு பாருங்க, இருந்தா காரணத்தை சரி பண்ணிட்டு அப்புறம்தான் எடுக்கச் சொல்லிக் கேக்கணும், அவங்க அதுக்கு காசு வாங்குறதில்ல. அதுக்கப்புறம் போன ஒரு மாசத்துல கிளிக் பண்ணவங்களுக்கு மட்டும் சில வாரம் அனுப்புங்க, போஸ்ட்மாஸ்டர்ல ரேட் ஏறாம இருந்தா அடுத்த செட் ஆளுங்களை சேருங்க.