கட்டுரையோடு ஒரு அரைத்தாள்

மாணவர்கள் கட்டுரையைச் சொந்தமாகத்தான் எழுதினார்களா என்று பார்க்க ஒரு வழி: அதைக் கொடுக்கும் அன்றைக்கே வகுப்பில் பத்து நிமிடம் ஒதுக்கி, அரைத்தாளில் கையால் எழுதச் சொல்லுங்கள்: எந்த மேற்கோளை எதற்காக எடுத்தீர்கள்? எழுதியதில் எதை வெட்டினீர்கள், ஏன்?

சொந்தமாக எழுதியவருக்கு இது கடகடவென்று வரும். நெட்டில் எடுத்தவரும் ஏஐயிடம் வாங்கியவரும் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒப்புமை பார்க்கும் மென்பொருள் முக்கியமாகச் சொற்கள் ஒத்துப்போவதைத்தான் தேடுகிறது; பிரெஞ்சுக் கட்டுரையைத் தமிழாக்கிக் கொடுத்தால் நழுவிவிடலாம். அரைத்தாளைக் கட்டுரையோடு பின் குத்தி வைத்தால், எதைக் கூர்ந்து படிக்க வேண்டும் என்பது சட்டென்று தெரியும். இப்படிக் கேட்கப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பாதி நகல் அதிலேயே நின்றுவிடும்.

மொரீஷியஸில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் வீட்டுப் பேச்சு பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழிதான். அரைத்தாளைக் கிரியோலிலோ பிரெஞ்சிலோ எழுத விடுங்கள். இல்லாவிட்டால் தமிழில் தடுமாறும் நல்ல பிள்ளையும் கள்ளனாகத் தெரிவான். அப்புறம், "தைப்பூசக் காவடி பற்றி எழுதுக" என்று கேட்டால் நெட்டில் கொட்டிக் கிடக்கிறது. "உங்கள் ஊர்க் கோயிலில் காவடி கட்டுபவரிடம் கேட்டு எழுதுக" என்றால் எங்கே போய் நகலெடுப்பது?

கணக்குப் பாடத்துக்கும் குழுவாகச் செய்யும் வேலைக்கும் இது சரிப்படாது. இணையவழி வகுப்பிலும் பயனில்லை, பக்கத்தில் யார் இருக்கிறார் என்று தெரியாதே. அரைத்தாள் சரியில்லை என்பதற்காக மட்டும் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். கூப்பிட்டு ஐந்து நிமிடம் பேசிப் பாருங்கள்.