யூகேஜி வகுப்பில் ராகிப் புட்டு

"ராகி உடம்புக்கு நல்லது கண்ணு" என்று ஒரு யூகேஜி பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். வாயை இறுக்கி மூடிக்கொள்ளும். அதே மாவைத் தாம்பாளத்தில் கொட்டி "வாங்க, பிசையலாம்" என்றால் மூக்கு நுனி வரை பூசிக்கொண்டு நிற்கும். ஈரோடு பக்கம் ஒரு நர்சரி பள்ளியில் இந்த வகுப்பை எடுக்கிறேன். புதுச் சாப்பாட்டைப் பிள்ளைகளுக்குப் பழக்க, வாயைவிடக் கை நல்ல வழி.

முதல் வேலை, பெற்றோருக்கு ஒரு சீட்டு. வேர்க்கடலை, எள், பால், முட்டை, கோதுமை எதுவாவது ஒத்துக்கொள்ளாதா என்று எழுதி வாங்காமல் எதையும் ஆரம்பிக்காதீர்கள். முழு வேர்க்கடலையும் முழுத் திராட்சையும் இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம், தொண்டையில் அடைக்கும்.

ஒரு தடவைக்கு ஆறு பேர். மற்றவர்களுக்குப் படம் வரையும் வேலை கொடுத்துவிடுங்கள். முப்பது பேரையும் ஒன்றாக உட்கார வைத்தால் புட்டும் வராது, உங்களுக்குத் தொண்டையும் மிஞ்சாது. நகம் வெட்டியிருக்கிறதா என்று பார்த்து, சோப்புப் போட்டுக் கை கழுவ விடுங்கள்.

ராகி மாவு இரண்டு கப். வாசம் வரும்வரை முதல் நாளே நன்றாக வறுத்து ஆற வைத்துவிடுங்கள். எவ்வளவு சொன்னாலும் கையை நக்கத்தான் செய்வார்கள், பச்சை மாவு வயிற்றுக்கு ஆகாது. அரை ஸ்பூன் உப்பைக் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு கிண்ணத்தில் வையுங்கள். ஒரு பிள்ளை விரல் நுனியால் தண்ணீர் தெளிக்க, பக்கத்துப் பிள்ளை மாவைப் பிசிற வேண்டும். மாவு கொஞ்சம் கொஞ்சமாக நிறம் கறுக்கும், மண்வாசனை வரும். "மிஸ், மழை வாசம்!" என்று யாராவது கத்துவார்கள். அதைக் கேட்டு எல்லாரும் மோந்து பார்ப்பார்கள். அவசரப்படுத்தாதீர்கள்.

பதம் பார்ப்பதுதான் இவர்களுக்குப் பிடித்த கட்டம். ஒரு கைப்பிடி எடுத்து அமுக்கினால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், கட்டைவிரலால் தட்டினால் பொலபொலவென்று உதிர வேண்டும். உதிரவில்லையென்றால் தண்ணீர் கூடிவிட்டது, இன்னும் கொஞ்சம் வறுத்த மாவு தூவிக்கொள்ளலாம். பிடித்து உதிர்த்து, பிடித்து உதிர்த்து, பத்து நிமிஷம் இதிலேயே போகும். போகட்டும். கட்டி இருந்தால் சல்லடையில் சலித்துவிடுங்கள்.

அடுப்பு வகுப்புக்குள் வரக்கூடாது. மாவை ஆயாம்மா சமையலறைக்கு எடுத்துப் போய், இட்லிப் பானையில் துணி போட்டுப் பத்து நிமிஷம் அவித்து வருவார். ஆறியபின் துருவிய தேங்காயையும் துளி நாட்டுச் சர்க்கரையையும் பிள்ளைகளே கலக்கட்டும்.

இப்போது நீங்கள் பேச்சை அடக்க வேண்டும். "சாப்பிடு" என்று சொல்லாதீர்கள். "சாப்பிட்டால் ஸ்டார் போடுவேன்" என்றும் சொல்லாதீர்கள், ஸ்டாருக்காகத் தின்கிற பிள்ளை ஸ்டார் இல்லாத நாளில் தொடாது. நீங்களும் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள், அது போதும். பிடிக்காவிட்டால் துப்ப ஒரு காகிதக் கப் பக்கத்தில் இருக்கட்டும். துப்பலாம் என்று தெரிந்தால்தான் வாயில் வைக்கவே துணிவார்கள். முதல் நாள் நாக்கால் தொட்டாலே வெற்றி. சில பிள்ளைகளுக்கு எட்டுப் பத்துத் தடவை கண்ணில் பட்ட பிறகுதான் ஒன்று பிடிக்கும். அதனால் இரண்டு வாரம் கழித்து மறுபடி ராகியையே எடுங்கள்.

"ஏன் மிஸ் ராகி?" என்று அம்மாக்கள் கேட்டால், 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து என்று அவர்களிடம் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு வேண்டாம்.

அடுத்து முருங்கைக்கீரை ஆயச் சொல்லலாம், பிஞ்சு விரலுக்கு ஏற்ற வேலை. உருவிய இலை ராகி அடைக்குப் போகும். பாசிப்பயறு முளைகட்டுவதும் நல்லது, தினம் துணியைப் பிரித்துப் பார்க்கத் துடிப்பார்கள். ஆனால் முளையைப் பச்சையாகக் கொடுக்காதீர்கள், நன்றாக அவித்துத் தாளித்துக் கொடுங்கள்.

புட்டு மிஞ்சினால் அன்றைக்கே ஆளுக்கொரு கைப்பிடி டப்பாவில் போட்டு அனுப்பிவிடுங்கள். தண்ணீர் தெளித்த மாவை மறுநாளைக்கு எடுத்து வைக்க வேண்டாம், ஈரோட்டு வெயிலுக்குப் புளித்துப் போகும்.