பீடோங்கிலிருந்து மஹா சவத் கால்வாய்க்கு: போய்ப் பார்ப்பது எப்படி, என்ன கேட்பது

போன பள்ளி விடுமுறையில் மலேசியாவில் கெடா மாநிலத்து பீடோங்கிலிருந்து எங்கள் பழைய தோட்டத்து ஆட்கள் பதினோரு பேர் தாய்லாந்தில் பாங்காக் பக்கம் இருக்கும் மஹா சவத் கால்வாய்க்குப் போய் வந்தோம். ஹாட்யாயில் துணி வாங்கி, தொம்யாம் குடித்து, திரும்பும்போது சண்டை போட்டுக்கொண்டு வருகிற வழக்கமான பயணம் இல்லை. அதற்கப்புறம் கெடாவில் பாதிப் பேர் "எப்படிப் போவது" என்று வாட்ஸாப்பில் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் குரல் பதிவு அனுப்பி அலுத்துவிட்டது, ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் நம் ஊர்க் கால்வாயைப் போய்ப் பாருங்கள். குரூணிலிருந்து அலோர் ஸ்டார் போகும் பழைய சாலையை ஒட்டி ஓடுகிறதே, வான் மாட் சமான் கால்வாய், அதைத்தான் சொல்கிறேன். கெடா மந்திரி வான் முகமது சமான் 1885ல் ஆரம்பித்தது. இரவில் தீப்பந்தங்களை வரிசையாக நட்டு, அதைப் பார்த்து நேர்கோடு பிடித்தார்கள் என்று அங்கே சொல்வார்கள். அப்போது கெடா சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) கீழே இருந்தது, 1909 ஒப்பந்தத்தில்தான் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. சதுப்பைக் கீறி நீரை வடித்து, இரு கரையிலும் நெல் போடுவது என்கிற அதே வேலை அங்கேயும் இங்கேயும் ஒரே நூற்றாண்டில் நடந்திருக்கிறது. இதைப் பார்த்துவிட்டுப் போனால் அங்கே படகில் உட்காரும்போது கண் சும்மா இருக்காது.

சரி, பயண வேலை. பாஸ்போர்ட் ஆறு மாதமாவது மிச்சம் இருக்கட்டும். 2025 மே முதல் தாய்லாந்துக்குள் நுழைய இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும், நுழைவதற்கு மூன்று நாளுக்குள் நிரப்பலாம், காசு கிடையாது. காசு கேட்கிற பக்கம் வந்தால் மூடிவிடுங்கள், அது அரசாங்கப் பக்கம் இல்லை. எங்கள் கூட்டத்தில் ஒருவர் அப்படித்தான் எண்பது வெள்ளி (ரிங்கிட்) அழுதார், அவர் பெயரைச் சொன்னால் வீட்டுக்குள் விடமாட்டார்.

சுங்கை பட்டாணியில் கொமுட்டர் ஏறினால் எல்லையில் இருக்கும் பாடாங் புசார் வரை ஒரே ரயில். அந்த நிலையத்திலேயே இரண்டு நாட்டுக் குடிநுழைவும் இருக்கிறது, எங்கேயும் ஓட வேண்டியதில்லை. சாயங்காலம் பாங்காக் போகும் தாய்லாந்து ரயிலில் இரண்டாம் வகுப்புப் படுக்கை எடுங்கள். கீழ்ப் படுக்கை அகலம், விலை கொஞ்சம் கூட. வயதானவர்களுக்குக் கீழே, பொடியன்களுக்கு மேலே. விடுமுறை நாளில் சீக்கிரம் நிரம்பிவிடும், அதனால் ஒன்றிரண்டு மாதம் முன்னாலேயே வாங்கிவிடுங்கள். தாய்லாந்து நேரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால், டிக்கெட்டில் போட்டிருப்பது அந்த நேரம். அப்புறம், அந்த ரயிலில் மது குடிக்கக் கூடாது, சட்டமே இருக்கிறது. மாமாக்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சாப்பாட்டுக்கு நாங்கள் புளிச்சாதமும் நெத்திலி சம்பலும் கட்டிக்கொண்டு போனோம், ராத்திரிக்கு அது போதும்.

விடியற்காலை ராட்சபுரி தாண்டியதும் எல்லோரையும் எழுப்பிவிடுங்கள். பான் போங், அடுத்து நோங் பிளாடுக் என்று இரண்டு சின்ன நிலையங்கள் வரும். சயாம் மரண ரயில் பாதை பிரிகிற இடம் இதுதான். 1942, 43ல் அந்தப் பாதையைப் போட ஜப்பான்காரன் நம் தோட்டங்களிலிருந்து லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போன ஆட்கள் வந்து இறங்கியதும் இந்தப் பக்கம்தான். பர்மா வரை 415 கிலோமீட்டர். எங்கள் பாட்டியின் அண்ணன் அதில் போனவர், திரும்பவில்லை. எங்கள் ரயில் நோங் பிளாடுக்கில் நிற்கவில்லை. பாட்டியின் மகள், என் பெரியம்மா, ஜன்னல் பக்கம் எழுந்து நின்று கும்பிட்டார், அவ்வளவுதான் செய்ய முடிந்தது. கால்வாய் பார்க்கப் போகிறோம் என்பதற்காக இதை விட்டுவிடாதீர்கள்.

அடுத்துப் பெரிய நிலையம் நக்கோன் பத்தோம், அங்கே இறங்குங்கள். பாங்காக் வரை போய்விட்டால் திரும்பி வருவதற்கே அரை நாள் ஓடிவிடும். நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் பிரா பத்தோம் சேடி என்கிற பெரிய புத்தத் தூபி, ஏறக்குறைய 120 மீட்டர் உயரம், செம்மஞ்சள் நிறத்தில் கவிழ்த்து வைத்த மணி மாதிரி. கால்வாய்க்கு முன்னால் இதைப் பார்ப்பதுதான் சரியான வரிசை, ஏனென்றால் மஹா சவத் வெட்டப்பட்டதே பாங்காக்கிலிருந்து இந்தக் கோயிலுக்குப் படகில் வருவதற்கு. மன்னர் மோங்குட் காலத்தில், 1859-60ல், சுமார் 28 கிலோமீட்டர், சாவ் பிரயா பக்கத்திலிருந்து தா சின் ஆறு வரை. சீனக் கூலியாட்கள் மண்வெட்டியால் வெட்டியது. ஆனால் சாமி கும்பிட மட்டுமா இவ்வளவு செலவு? 1855ல் ஆங்கிலேயரோடு ஒப்பந்தம் போட்டு அரிசி ஏற்றுமதி திறந்துவிட்டதால், காடாகக் கிடந்த சதுப்பெல்லாம் திடீரென்று வயலுக்கான நிலமாகிவிட்டது. கால்வாய் வெட்டினால் வழியும் ஆச்சு, வயலும் ஆச்சு.

அங்கிருந்து வாடகை வேன் பிடித்து புத்தமோந்தோன் மாவட்டம், மஹா சவத், வாட் சுவன்னாராம் என்று சொல்லுங்கள். அந்தக் கோயில் படித்துறையில்தான் சுற்றுலாப் படகு கிடைக்கும். நாங்கள் முதல் நாள் செய்த தப்பு, வெயில் ஏறிப் பதினொன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்தது. படகு கூட்டிப் போகிற தாமரை வயலில் வெட்டு முடிந்து, மிச்சப் பூவெல்லாம் வாயை மூடிக்கொண்டு விட்டது. பால்மரம் (ரப்பர்) வெட்டிய குடும்பத்துக்கு இது தெரியாமல் போனதுதான் அவமானம், விடிகிறதுக்கு முன்னால் முடிகிற வேலைகள் உலகத்தில் எத்தனையோ. மறுநாள் ஏழரைக்குப் போனோம். மொட்டாக வெட்டிக் கட்டுக் கட்டாக அடுக்குகிறார்கள், கோயிலுக்குப் போகிறவர்கள் அதன் இதழை ஒவ்வொன்றாக உள்ளே மடித்துச் சாமிக்கு வைக்கிறார்கள்.

படகில் உட்கார்ந்தால் முதலில் வீடுகளைப் பாருங்கள். பழைய வீடுகளுக்கு வாசல் தண்ணீரைப் பார்த்து இருக்கும், படிக்கட்டு கால்வாய்க்குள் இறங்கும். சாலை வந்த பிறகு கட்டியவை கால்வாய்க்கு முதுகைக் காட்டுகின்றன, சமையலறையும் துணிக்கொடியும்தான் தெரியும். வீட்டைப் பார்த்தே எந்தக் காலத்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். அடுத்து வழியில் வரும் பெயர்களைக் கவனியுங்கள். 100 செனுக்கு (சென் என்பது அவர்களின் பழைய நீள அளவு) ஒன்று, அதாவது 4 கிலோமீட்டருக்கு ஒன்று என்று அந்தக் காலத்தில் கரையில் சாலா, அதாவது தங்கி இளைப்பாறும் மண்டபம், கட்டியிருக்கிறார்கள், நம் அன்னச்சாலை, பாடசாலையில் வருகிற அதே சாலைதான். ஒன்றில் மருந்துக் குறிப்புகளைப் பலகையில் எழுதி வைத்திருந்தார்களாம், 'யா' என்றால் மருந்து, அதனால் அந்த ஊர் இன்றைக்கும் சாலாயா. இன்று அங்கே ஒரு பெரிய பல்கலைக்கழகம் இருக்கிறது, கரையில் உட்கார்ந்து மருந்து படித்த காலம் போய்விட்டது. தண்ணீரில் மிதக்கிற ஆகாயத்தாமரையை அவர்கள் 'ஜாவாக் கீரை' என்கிறார்கள், 1901ல் அரண்மனைக்காரர்கள் ஜாவாவிலிருந்து அழகுக்குக் கொண்டுவந்தது. அழகுக்கு வந்தது இப்போது படகை மறிக்கிறது.

இனி முக்கியமான வேலை, பேசுவது. பெரியவர்களை 'லுங்' என்று கூப்பிடுங்கள், பெண் என்றால் 'பா'. அப்பா அம்மாவுக்கு மூத்தவர்களைச் சொல்கிற வார்த்தைகள் அவை, கிட்டத்தட்ட நம் பெரியப்பா, பெரியம்மா மாதிரி. கைகூப்பி, செருப்பைக் கழற்றி, போனில் மொழிபெயர்ப்பைத் திறந்து வைத்துக்கொண்டால் போதும். "எப்படி இருக்கிறது வாழ்க்கை" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். எந்த வருடம் சாலை வந்தது, 2011 வெள்ளத்தில் தண்ணீர் எதுவரைக்கும் ஏறியது (சுவரில் கையை வைத்துக் காட்டுவார்கள், அந்தக் கையைப் படம் எடுங்கள்), முன்பு என்ன போட்டார்கள், நெல்லை விட்டு ஏன் தாமரைக்கும் ஆர்க்கிட்டுக்கும் பழத்துக்கும் போனார்கள் என்று கேளுங்கள்.

கடைசியாக, நிலம் யாருடையது என்று கேளுங்கள். எங்கள் பெரியப்பா கேட்டது இந்த ஒரு கேள்விதான், தோட்டத்தில் நாற்பது வருடம் பரிட் (வடிகால்) வெட்டியவருக்கு வேறென்ன கேட்கத் தோன்றும். கால்வாய் வெட்டியபோது கரை நிலம் அரச குடும்பத்துக்குப் போனது, உழுதவர்கள் குத்தகைக்காரர்கள். 1975ல் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தபோது மன்னர் பூமிபோல் அரச நிலத்தைச் சீர்திருத்தத்துக்குக் கொடுத்தார், இந்தக் கரையும் அதில் சேர்த்தி. அப்படிக் கிடைத்த நிலத்தை விற்க முடியாது, பிள்ளைகளுக்கு விடலாம். இரண்டரை ராய் ஒரு ஏக்கர் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்த பெரியப்பா, "விற்க முடியாதா, அதுவும் நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. நாங்கள் தோட்டத்து லயத்து வீடுகளைக் காலி பண்ணினபோது அவர் கையில் கிடைத்தது எவ்வளவு என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

சாப்பாடு விஷயம். கரையில் பெண்கள் குழு செய்யும் 'காவ் தாங்' வாங்காமல் வராதீர்கள். பானை அடியில் ஒட்டிய சோற்றை வீணாக்காமல் காயவைத்துப் பொரித்ததுதான் மூலம், இப்போது சோற்றை வட்டமாகத் தட்டி வெயிலில் போடுகிறார்கள், நம் வடகம் காய்கிற மாதிரியே முற்றம் முழுக்க. மேலே தூவியிருக்கும் பஞ்சு மாதிரியான இறைச்சி பெரும்பாலும் பன்றி, சாப்பிடாதவர்கள் முதலிலேயே கேட்டுவிடுங்கள். கையில் சில்லறை பாட் இருக்கட்டும், ஆயிரம் பாட் நோட்டை நீட்டினால் பாவம் அந்த அம்மா பக்கத்து வீட்டுக்கு ஓடுகிறார்.

திரும்பும் ரயில் பிற்பகலில் பாங்காக்கில் கிளம்பி நக்கோன் பத்தோம் வழியாகத்தான் வரும், அங்கேயே ஏறிக்கொள்ளலாம். காவ் தாங்கைப் பையில் மேலே வையுங்கள், கீழே வைத்தால் பொடிதான் மிஞ்சும். கன்று, விதை, கிழங்கு எதையும் அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுவராதீர்கள். எங்கள் சின்னம்மா தாமரைக் கிழங்கு ஒன்றை ஈரத்துணியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்திருந்தார். பாடாங் புசாரில் வரிசையில் நிற்கும்போதுதான் எங்களிடம் சொன்னார், குப்பைத்தொட்டி எங்கே என்று தேடி ஓடினது தனிக் கதை.