இணையவழி வகுப்புக் காலத்தில் பள்ளி நூலகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி மூடி வகுப்புகள் இணையத்துக்குப் போனதும் கணக்கு ஆசிரியருக்குப் பாடத்திட்டம் கைகொடுக்கிறது, கால அட்டவணையில் அவருக்கென்று ஓர் இடமும் இருக்கிறது. நூலகரிடம் இருந்தது ஓர் அறையும் அலமாரிகளும்தான். அறை பூட்டப்பட்டதும், தானும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறேன் என்று எப்படியாவது காட்ட வேண்டுமே என்ற பதற்றம் அவரைப் பிடித்துக்கொள்கிறது. உற்சாகத்தைக் குடிக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் அந்தப் பதற்றத்தில் இருந்துதான் வருகின்றன.

இதில் எல்லோரும் செய்வது, கண்ணில் பட்ட லிங்க்கை எல்லாம் திரட்டி அனுப்புவது. கொரோனாவால் 2020 ஏப்ரலில் 190க்கும் மேற்பட்ட நாடுகளில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது பதிப்பகங்களும் கல்வித் தளங்களும் நிறைய வாசல்களை இலவசமாகத் திறந்துவிட்டன. அவ்வளவையும் ஒரே பட்டியலில் போட்டு வகுப்புக் குழுவில் பகிர்ந்தால் தலைமை ஆசிரியருக்கு மகிழ்ச்சிதான். பிள்ளைகள் ஒருமுறை மேலும் கீழும் உருட்டிப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். நூலகத்தில் நடந்தது என்ன? ஒரு பையன் மேசைக்கு வந்து, “பேய்க்கதை வேணும், ஆனா ரொம்ப பயமா இருக்கக் கூடாது” என்பான். நீங்கள் இரண்டு புத்தகம் எடுத்து நீட்டுவீர்கள், அவன் ஒன்றோடு போவான். அந்தத் தேர்வுதான் உங்கள் வேலை. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. ஐம்பது லிங்க் அனுப்புவது அதற்கு நேர் எதிர். பிள்ளைக்குப் பிடித்தது என்ன என்று கேளுங்கள், அந்தப் பிள்ளைக்கென்று இரண்டே பெயர் அனுப்புங்கள். ஒரு வாரத்தில் பத்துப் பிள்ளைகளுக்கு இப்படிச் செய்ய முடிந்தால் அது நல்ல வாரம். ‘மிஸ், அடுத்த பாகம் இருக்கா?’ என்று ஒரு பதில் வந்தால் போதும், அன்றைக்கு வேறு ஊக்கமே தேவைப்படாது.

அடுத்தது, உற்சாகத்தை நடித்துக் காட்டுவது. தொப்பி, பொம்மை, பின்னணி இசை எல்லாம் சிலருக்கு இயல்பாக வரும். வருகிறவர்கள் தாராளமாகச் செய்யட்டும். வராதவர்கள் வலிந்து செய்தால் திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிள்ளைக்கு உடனே தெரிந்துவிடும். உங்களுக்கே அடுத்த பக்கத்தைப் புரட்டத் தோன்றும் கதையை எடுத்துக்கொண்டு, உங்கள் சாதாரணக் குரலில் வாசித்து, சுவாரசியமான இடத்தில் நிறுத்துங்கள். இதற்குத் தயாரிப்பும் குறைவு. ‘பாடத்தோடு தொடர்புள்ள கதையாக இருக்கட்டும்’ என்று யாராவது சொன்னால் சரி என்று தலையாட்டிவிட்டு, மாதத்தில் ஒன்றை மட்டும் அப்படி வைத்துக்கொள்ளலாம்!

காணொளி வகுப்பு ஏன் இப்படிச் சோர வைக்கிறது என்பதற்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021இல் நான்கு காரணங்களை முன்வைத்தார்: பல முகங்கள் மிக அருகில் நம்மையே உற்றுப் பார்ப்பது, நம் முகத்தை நாமே இடைவிடாமல் பார்ப்பது, அசையாமல் ஓரிடத்தில் இருப்பது, சைகைகளைப் புரிந்துகொள்ள மூளை கூடுதலாக உழைப்பது. இரண்டாவதற்கு உடனே மருந்து உண்டு. உங்கள் முகம் உங்களுக்குத் தெரியாதபடி மறைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். வணக்கம் சொல்லி முடித்ததும் பிள்ளைகளும் கேமராவை அணைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள். கதை கேட்பதற்கு முகம் தெரிய வேண்டியதில்லை. படம் வரைந்துகொண்டோ தரையில் படுத்துக்கொண்டோ கேட்கட்டும்.

எல்லோரும் நேரலையில் வந்துவிடுவார்கள் என்று நம்புவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. யுனிசெஃப்பும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2020 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் 3 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு, அதாவது சுமார் 130 கோடிப் பேருக்கு, அப்போது வீட்டில் இணைய வசதி இல்லை. இருக்கும் வீட்டிலும் ஒரே போன்தான் என்றால், அது அப்பாவோ அம்மாவோ வேலை முடிந்து வந்த பிறகுதான் பிள்ளையின் கைக்கு வரும். அந்தப் பிள்ளைக்குக் காலைக் கதைநேரம் என்ற ஒன்று நடந்ததே தெரியாது. இதற்கு எளிய வழி, குரல் பதிவு. 64 கேபிபிஎஸ் தரத்தில் பத்து நிமிட ஒலிப்பதிவு 5 எம்பிக்குள் அடங்கும், காணொளியோ பலமடங்கு டேட்டாவை விழுங்கும். ஒலிப்பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், ஒருமுறை இறக்கிவைத்தால் பத்து முறை கேட்கலாம். அதுவும் எட்டாத வீட்டுக்குச் சாதாரணத் தொலைபேசி அழைப்பு இருக்கிறது.

பதிவு செய்து அனுப்புவது என்றதும் பதிப்புரிமை குறுக்கே வருகிறது. ‘பிள்ளைகளுக்காகத்தானே’ என்று முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்து குழுவில் போடுபவர்கள் உண்டு. நோக்கம் நல்லதாக இருந்தால் போதாது. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகம் 2020 மார்ச்சில் தன் மின்னூல்களுக்கான காத்திருப்புப் பட்டியலை நீக்கி, ஒரே நேரத்தில் எத்தனை பேர் வேண்டுமானாலும் இரவல் பெறலாம் என்று திறந்துவிட்டது. ஜூனில் நான்கு பெரிய பதிப்பகங்கள் அதன் மின்னூல் இரவல் முறையையே எதிர்த்து வழக்குத் தொடுத்தன. 2023இல் தீர்ப்பு ஆர்க்கைவுக்கு எதிராக வந்தது, 2024இல் மேல்முறையீட்டிலும் அது மாறவில்லை. பெருந்தொற்றின்போது பல பதிப்பகங்கள் கதைகளை வாசித்துப் பகிர அனுமதி தந்தது உண்மை. ஆனால் பெரும்பாலும் மூடிய குழுவில் மட்டும், குறிப்பிட்ட தேதி வரை மட்டும் என்ற நிபந்தனைகளோடு. ஆகவே அனுமதியைக் கேட்டு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அல்லது பகிர்ந்துகொள்ள முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வரும் கதைகளுக்குப் போங்கள். குழந்தைகள் புத்தகப் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ் உட்படப் பல மொழிகளில் அப்படிப்பட்ட படக்கதைகள் இருக்கின்றன. எழுதியவர், வரைந்தவர் பெயரைச் சொல்லிவிட்டு வாசிக்கத் தொடங்குங்கள், முடிந்தது.

யார் எத்தனை பக்கம் படித்தார்கள் என்று கணக்கெடுத்துப் புள்ளி போடும் ஆசையும் வேண்டாம். புள்ளிக்காகப் படிப்பவர் புள்ளி நின்றதும் நிறுத்திவிடுவார்.

அப்புறம், எல்லாவற்றுக்கும் சரி சொல்வது. வளைந்து கொடுப்பது என்றால் இரவு பத்து மணிக்கும் பதில் அனுப்புவது என்று பல நூலகர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். கணினி கொஞ்சம் தெரிந்தவர் என்பதால் பள்ளியில் எல்லோருடைய பாஸ்வேர்டு பிரச்சினையும் அவர் தலையில்தான் வந்து விழும். உதவுங்கள், ஆனால் அதற்கென்று தினம் ஒரு மணி நேரத்தைக் குறித்து அறிவித்துவிட்டு உதவுங்கள். வாரத்தில் ஒரே ஒரு நிகழ்ச்சியை மட்டும் நாள், நேரம் மாறாமல் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் நிலைமைக்கேற்ப மாறட்டும். அந்த நிகழ்ச்சிக்கு இரண்டே பேர் வந்தாலும் ரத்து செய்யாதீர்கள். இருவரோடு அரை மணி நேரம் புத்தகம் பற்றிப் பேசுவது, பள்ளி நடக்கும் நாட்களில் நூலகருக்கு எங்கே கிடைக்கிறது?

கடைசியாக ஒன்று, பலர் கவனிக்கத் தவறுவது. பள்ளி மூடிய நாளில் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போன புத்தகங்கள் அங்கேயேதான் இருக்கும். நூலக மென்பொருள் தன்பாட்டுக்குத் தவணை முடிந்தது, அபராதம் இவ்வளவு என்று பெற்றோருக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். முதல் வேலையாக அந்தத் தானியங்கிச் செய்தியை நிறுத்தி, எல்லாப் புத்தகங்களின் திருப்பும் தேதியையும் பள்ளி திறக்கும் நாளுக்குப் பிறகு தள்ளி வையுங்கள். வேறு கதைப் புத்தகமே இல்லாத வீட்டில் இப்போது இருப்பது அது ஒன்றுதான்.