மனம் சொன்னதற்கு ஆதாரம் கேட்டேன்

மேலதிகாரி காலை வணக்கத்துக்குப் பதில் சொல்லாமல் போனால் போதும், "என்னை வேலையால நிப்பாட்டப் போறார்" என்று மனம் முடிவு கட்டிவிடும். உவர்மலை வீட்டில் இரவு முழுக்க நித்திரை வராது. திருகோணமலையில் நான் சந்தித்த உளவளத்துணையாளர் சொல்லித் தந்தது அறிதிறன் நடத்தைச் சிகிச்சை (CBT): மனதில் ஓடும் எண்ணம் சரியோ என்று சோதித்து, எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் முறை. 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கியது.

உளவளத்துணையாளர் கொப்பியில் கோடு போட்டு எழுதச் சொன்னார்: நடந்தது என்ன, மனதில் ஓடியது என்ன, அதை நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறேன், ஆதாரம் உண்டா. 90 போட்டேன். ஆதாரமாக ஒரே வரி: "பதில் சொல்லவில்லை." எதிர்ப்பக்கத்தில், மேலதிகாரி அப்போது போனில் கதைத்துக்கொண்டு வந்தார்; முதல் நாள்தான் அடுத்த மாத வேலையை என்னிடம் தந்திருந்தார். திரும்பப் புள்ளி போட்டால் 40.

"நல்லதையே நினை" என்ற அறிவுரை எனக்கு ஒருபோதும் உதவியதில்லை. இது உதவியது.

அப்புறம், பயந்தது உண்மையோ என்று செய்து பார்க்கும் பகுதி. நடுங்கிக்கொண்டே போய், "சேர், அறிக்கை சரியோ?" என்றேன். "ஓம், அனுப்பியாச்சு." அவ்வளவுதான்.

அடியில் கிடக்கும் "பிழையே விடாவிட்டால்தான் எனக்கு மதிப்பு" என்ற நம்பிக்கை மட்டும் மெல்லத்தான் இளகுகிறது. கதைக்க ஆள் இல்லாதவர்கள் இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள்.